சாவி கைமாறிய பிறகு

பழைய காரை விற்பவர் கடைசியாகக் கையெழுத்துப் போடும் தாள்களில் வாங்குபவரின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. புரோக்கரின் மேசையில் ஃபார்ம் 29 இரண்டு பிரதி, கூடவே ஃபார்ம் 30. பென்சிலால் எங்கெங்கே பெருக்கல் குறி போட்டிருக்கிறதோ அங்கெல்லாம் விற்பவர் கையெழுத்துப் போடுகிறார். வாங்குபவர் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, தேதி எல்லாம் காலியாகக் கிடக்கின்றன. பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்பது அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத வழக்கம். இதற்குள் கடையில் வேலை செய்யும் பையன் பானெட்டைத் திறந்து, சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் துணியால் அழுந்தத் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் விரலால் பிடித்துக்கொண்டு பென்சில் முனையைச் சாய்த்துத் தேய்க்கிறான். கருமைக்குள்ளிருந்து எழுத்தும் எண்ணுமாகப் பதினேழும் ஒவ்வொன்றாய் எழும்பி வருகின்றன. அந்தக் கீற்றை வெட்டிப் படிவத்தில் ஒட்டியதும், இந்த இரும்பு எந்த இரும்பு என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் வரமுடியாது. அதே தாளில் மனிதர்கள் யார் யார் என்பது மட்டும் வெற்றிடமாக இருக்கிறது. நாள்தோறும் எத்தனையோ மேசைகளில் நடக்கும் இந்தக் காரியம் எனக்கு நீண்ட நாளாகவே ஓர் உறுத்தல். வண்டியை இத்தனை துல்லியமாக அடையாளம் காட்டத் தெரிந்த நாம், அந்த வண்டியால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை ஏன் இப்படி விட்டுவைக்கிறோம்?

விற்பவரைத் தேற்றுவதற்கு டெலிவரி நோட் என்று ஒன்று உண்டு. ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, இன்ன தேதி, இன்ன மணி முதல் இந்த வண்டி சம்பந்தமாக வரும் விபத்து, வழக்கு, அபராதம் எல்லாவற்றுக்கும் வாங்குபவரே பொறுப்பு என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, சாட்சிக்குப் புரோக்கரும் ஒரு கையெழுத்துப் போடுவார். மணி, நிமிடம் வரை எழுதுவதில் அவர்கள் காட்டும் கவனத்தைப் பார்த்தால், அந்த நிமிடத்தில் ஏதோ ஒன்று உண்மையாகவே ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறிவிட்டதாகத்தான் தோன்றும். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே அந்தத் தாள் செல்லும். ஆனால் ரோட்டில் அடிபட்டவர் அதில் கையெழுத்துப் போடவில்லை. அவரைக் கேட்காமல், அவருடைய நஷ்டஈட்டை யாரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பேர் தங்களுக்குள் முடிவு கட்டிக்கொள்ள முடியாது. சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்பவர் யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர். காசு கொடுத்தவரும், சாவி வைத்திருப்பவரும், ஸ்டியரிங் பிடித்தவரும் அதற்குப் பிறகுதான்.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த வழக்கு ஒன்றை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. வடக்கே, பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் 2009 மே மாதக் காலை ஒன்றில் மாருதி 800 ஒன்று ரிவர்ஸில் வந்து, நடந்துபோய்க்கொண்டிருந்த ஒரு பெண்மீதும் அவரோடு போன சிறுவன்மீதும் ஏறியது. சிறுவன் இறந்துபோனான். வண்டிக்குக் காப்பீடு இல்லை. யார் பெயரில் ஆர்.சி. இருந்ததோ அவர் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன்பே, 2007 ஜூலையில், அதை விற்றுவிட்டிருந்தார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார்; அவர் மற்றொருவருக்கு. யாருமே பெயர் மாற்றவில்லை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பதிவுபெற்ற உரிமையாளரையும் ஓட்டுநரையும் பொறுப்பாக்கியது. உயர் நீதிமன்றம் அந்த உரிமையாளரை விடுவித்துக் கடைசியாக வாங்கியவர்மேல் சுமத்தியது. உச்ச நீதிமன்றம் மறுபடியும் முதலாமவரிடமே கொண்டுவந்து நிறுத்தியது. காரணமாகச் சொல்லப்பட்டது மிக எளிமையான ஒன்று. பாதிக்கப்பட்டவர்கள் பதிவேட்டில் இல்லாத கைமாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்திக்கொண்டு போக முடியாது. அவர்களை அப்படி அலையவிடுவது நஷ்டஈட்டுச் சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது.

விற்றவர் பக்கத்தில் நின்று பார்த்தால் இது கொடுமையாகத் தெரியும். நியாயமான மறுப்பு அது. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தவருக்கு அதற்குப் பிறகு வண்டி எங்கே ஓடியது, யார் ஓட்டினார்கள், குடித்திருந்தார்களா என்று ஒன்றும் தெரியாது. கட்டுப்படுத்த முடியாத ஒன்றுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது நம்முடைய நீதி உணர்வுக்கு ஒவ்வாதது. ஆனால் அவர் கட்டுப்பாட்டில் ஒன்று இருந்தது: தன் பெயரை நீக்குவது. 50ஆவது பிரிவு விற்பவரும் பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வெளிமாநிலம் என்றால் நாற்பத்தைந்து நாள். பெயர் மாற்றுவது வாங்குகிறவர் வேலை என்று நம்மிடையே ஊறிப்போயிருக்கும் எண்ணத்துக்குச் சட்டத்தில் முழு ஆதாரம் கிடையாது. விற்கும்போது வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர், இந்த வண்டி எத்தனை கை மாறினாலும் எனக்குக் கவலையில்லை என்று எழுதிக் கொடுக்கிறார். அவர் அதை அப்படி நினைப்பதில்லை, அது வேறு விஷயம். புரோக்கருக்கு அந்த வெற்றிடம் பிழைப்பு. தன் பெயருக்கு ஒருமுறை மாற்றி, பிறகு வாங்குபவர் பெயருக்கு மறுமுறை மாற்றினால் கட்டணமும் நாளும் இரட்டிப்பு, ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடிப்போய் விலையும் விழும். செகண்ட் ஓனர் வண்டிக்கும் தேர்டு ஓனர் வண்டிக்கும் சந்தையில் இருக்கும் வித்தியாசம் எல்லோரும் அறிந்தது. அதனால் ஒரு கடைக்காரர், இரண்டு தரகர், பக்கத்து ஊர் கமிஷன்காரர் என்று நாலு பேர் கையில் புழங்கிய வண்டி, ஏட்டில் ஒரே கையில் இருந்ததாகவே நிற்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த விதிகள், அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரியிடம் வண்டி ஒப்படைக்கப்பட்டதாக இணையத்தில் தெரிவித்துவிட்டால் அன்று முதல் அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார் என்கின்றன. அந்த வண்டியை எடுத்து ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு ஓட்டத்தையும் அவர் பதிந்து வைக்கவும் வேண்டும். நல்ல விதி. அங்கீகாரம் வாங்காத மேசைகளில் அது எட்டிப் பார்ப்பதில்லை.

காப்பீட்டுக்கு வருவோம். விற்ற வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால், பெயர் மாற்றாவிட்டாலும் எதிர்த்தரப்புக்கான பாதுகாப்பு வண்டியோடு போய்விடுகிறது. 157ஆவது பிரிவு அதைத் தானாகவே மாறியதாகக் கருதச் சொல்கிறது. வாங்கியவரின் சொந்தச் சேதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990களிலேயே விளக்கிவிட்டது. அதற்கு அவர் பாலிசியைத் தன் பெயருக்கு முறைப்படி மாற்றிக்கொண்டாக வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். வாங்கியவர், விற்றவர், கம்பெனி என்று ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும். ஒப்பந்தத்தில் இல்லாத, ரோட்டோரம் நடந்துபோகிற ஒருவருக்கு மட்டும் இடைவெளி விழக் கூடாது என்று சட்டம் நினைத்திருக்கிறது. இந்தியாவில் 1946 ஜூலை 1 முதல் மோட்டார் காப்பீடு கட்டாயமானதே அவருக்காகத்தான். நம் தகரம் நசுங்கினால் சரிசெய்துகொள்ள எந்த அரசும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை, இன்றுவரை கட்டாயப்படுத்துவதும் இல்லை. ஆனால் நடைமுறையில், பாலிசி முடிந்த நாளோடு இந்தப் பாதுகாப்பும் முடிந்துவிடுகிறது. பெயர் மாற்றாமல் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு, வேறொருவர் பெயரில் வரும் ரினியூவல் செய்தி போய்ச் சேர்வதில்லை. அது விற்றவரின் செல்பேசிக்கு வரும். விற்றாயிற்றே என்று அவர் அழித்துவிடுவார். மாருதி 800 வழக்கு மாதிரியான வழக்குகள் முளைக்கும் நிலம் இதுதான்.

இனி, பழைய காரை விற்றவர் அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு வேகமான வண்டி ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் இன்று இது சாதாரணமாக நடப்பது. பத்து வருடம் ஓட்டிய வேகன் ஆர் போகிறது, ஹூண்டாய் ஐ20 என் லைன் வருகிறது. இரண்டையும் எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. ஒரு லிட்டர் வேகன் ஆரின் எஞ்சின் 998 சி.சி. என் லைனின் டர்போ எஞ்சினும் 998 சி.சி. முன்னதன் திறன் 67 குதிரைச் சக்தி. பின்னதன் திறன் 120. காலை லேசாக அழுத்தியதும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும் அந்த இழுப்புக்குத்தான் பல லட்சம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். கொடுத்ததில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அட்டவணைப்படி, ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட தனியார் கார் எதுவானாலும் எதிர்த்தரப்புக்கான தேர்டு பார்ட்டி பிரீமியம் ஆண்டுக்கு 2,094 ரூபாய். ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை 3,416. அதற்கு மேல் 7,897. ஆக, திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கான பிறகும், அந்த வண்டி பிறருக்கு விளைவிக்கக்கூடிய தீங்குக்கான விலை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஏறியது என்ன என்றால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம். வண்டியின் விலை கூடினால் அதன் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி. கூடும், ஐ.டி.வி. கூடினால் அது கூடும். வண்டி வேகமாக ஆக ஆக நம்முடைய இரும்பின் மதிப்பு மட்டும் உயர்வதாக இந்தக் கணக்கு சொல்கிறது. எதிரே சைக்கிளில் வருகிறவரைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சி.சி. ஒரு காலத்தில் நல்ல அளவுகோலாகவே இருந்தது. எஞ்சின் பெரிதென்றால் வண்டியும் பெரிது, வேகமும் அதிகம். டர்போ வந்து அந்த உறவை அறுத்துவிட்டது. பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்கும் நீளம் நாலு மீட்டருக்கும் உட்பட்டிருந்தால் வரி குறைவு என்ற விதி, சிறிய எஞ்சினில் பெரிய திறனைத் திணிக்கத் தயாரிப்பாளர்களுக்கு வலுவான காரணத்தைக் கொடுத்தது. திறனை வைத்துக் கணக்கிடுவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லித் தப்பவும் முடியாது. அதே அட்டவணையில், சில வரிகள் தள்ளி, எலெக்ட்ரிக் கார்களுக்குக் கிலோவாட்டை வைத்துத்தான் பிரீமியம் போட்டிருக்கிறார்கள். 30 கிலோவாட் வரை 1,780 ரூபாய். 30லிருந்து 65 வரை 2,904. அதற்கு மேல் 6,712. இவை பதினைந்து சதவீதச் சலுகை போகக் கிடைக்கும் தொகைகள். 120 குதிரைச் சக்தி என்பது ஏறக்குறைய 88 கிலோவாட். அதே திறனுள்ள கார் பேட்டரியில் ஓடினால், சலுகைக்குப் பிறகும், 6,712 ரூபாய் கட்டும். பெட்ரோலில் ஓடினால் 2,094. அடிபடுகிறவருக்கு எந்த எரிபொருள் என்பதில் என்ன வேறுபாடு? ஒரே அரசாணையின் ஒரே அட்டவணைக்குள் இரண்டு அளவுகோல் இருப்பது, இந்தக் கேள்வியை யாரும் கடைசிவரை கேட்டுப் பார்க்கவில்லை என்பதற்கு எனக்குப் போதிய சான்று.

வேகமான வண்டிதான் பாதுகாப்பான வண்டி என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. ஸ்போர்ட்டி ரகங்களில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், ஆறு ஏர்பேக் எல்லாம் வருகின்றன. நல்ல பிரேக் எதிரே இருப்பவருக்கும் நல்லது. அதை மறுக்க மாட்டேன். ஏர்பேக் அப்படி அல்ல. நம் நட்சத்திர மதிப்பீடுகள் பெரும்பாலும் காருக்குள் இருக்கும் பெரியவருக்கும் குழந்தைக்கும் என்ன ஆகும் என்று அளக்கின்றன. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப்பிலும் விளம்பரத்துக்கு வரும் நட்சத்திரங்கள் உள்ளே இருப்பவர்களுக்கானவை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்; பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இருசக்கர வண்டிகளில் போனவர்கள். இறந்தவர்களில் 71 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களின் சாவுக்கு அதிவேகமே காரணமாகப் பதியப்பட்டிருக்கிறது. போலீஸ் ஏட்டில் எழுத வசதியான காரணம் அதிவேகம் என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்பாமல் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், மிச்சம் நிறையவே இருக்கிறது. மணிக்கு ஐம்பதில் வந்து மோதும் கார், அறுபத்தைந்தில் வந்து மோதினால், நடந்து போகிறவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்ளே இருப்பவருக்கு அந்தப் பதினைந்து கிலோமீட்டர் தெரியவே தெரியாது. நல்ல சஸ்பென்ஷன், மூடிய கண்ணாடி, மிதமான பாட்டு. வேகத்தை உடம்புக்குத் தெரியாமல் மறைப்பதுதான் நல்ல காரின் லட்சணமாக இருக்கிறது.

குற்றம் வண்டியினுடையதா, ஓட்டுகிறவருடையதா என்ற அடுத்த மறுப்பு இன்னும் பலமானது. 120 குதிரைச் சக்தியை வைத்துக்கொண்டு ஐம்பதில் போகிறவர் உண்டு. 67ஐ வைத்துக்கொண்டு கண்மண் தெரியாமல் போகிறவரும் உண்டு. சரி, அப்படியானால் ஓட்டுகிறவரைப் பற்றியாவது கேட்கிறோமா? பிரிட்டனில் கார்களை ஒன்று முதல் ஐம்பது வரை காப்பீட்டுக் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஓட்டுநரின் வயது, அனுபவம், போன வருட அபராதம் எல்லாம் பிரீமியத்தில் ஏறும். இங்கே தேர்டு பார்ட்டி பிரீமியம் போடும்போது இவற்றில் ஒன்றும் வராது. லைசென்ஸ் வாங்கிய மறுவாரமே ஒருவர் டர்போ காரை எடுத்தாலும், முப்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர் எடுத்தாலும், அதே 2,094. எவ்வளவு ஓட்டுகிறோம், எப்படி ஓட்டுகிறோம் என்பதைக் கருவி வைத்து அளந்து பிரீமியம் போட 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி கொடுத்தது. நல்ல தொடக்கம்தான், ஆனால் அதுவும் சொந்தச் சேதப் பகுதியோடு நிற்கிறது. சாலை விதி மீறல்களைப் பிரீமியத்தோடு இணைக்கலாம் என்று ஆணையத்தின் குழு ஒன்று 2021இல் முன்வைத்த யோசனை யோசனையாகவே நின்றுவிட்டது.

நோ கிளெய்ம் போனஸ் ஓட்டுநரைப் பற்றியதுதானே என்று கேட்கலாம். தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லையென்றால் ஐம்பது சதவீதம் வரை தள்ளுபடி. அது வண்டியோடு போகாது, ஆளோடு வரும். பழைய காரை விற்றதும் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் புதிய காருக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். விற்பவர்கள் இந்தக் கடிதத்தை மட்டும் மறப்பதே இல்லை. பெயர் மாற்றத்தை மறந்தவர்கூட இதைக் கேட்டு வாங்கிவிடுகிறார். வாங்குகிறவரும் போனஸ் தனக்கு வராது என்று தெரிந்துகொண்டு அதற்குத் தக்கபடி விலையைக் குறைக்கிறார். ஆனால் அந்த ஐம்பது சதவீதம் எதற்குச் சான்று? சொந்தச் சேதத்துக்குப் பணம் கேட்கவில்லை என்பதற்கு. போனஸ் போய்விடுமே என்று பம்பர் உடைந்ததைக் கைக்காசில் சரிசெய்தவருக்கும் அது கிடைக்கும். மெதுவான வண்டியில் சேர்த்த நற்பெயர், அதைவிட இரண்டு மடங்கு திறனுள்ள வண்டிக்கு முதல் நாளே முழுசாகச் செல்லுபடியாகிறது. கம்பெனியின் பணத்தைக் காத்ததற்கான வெகுமதி அது; அந்த அளவில் நியாயமானதே. ரோட்டில் போகிறவரைக் காத்ததற்கான வெகுமதி என்று மட்டும் அதை நினைத்துக்கொள்ளக் கூடாது. சொந்தச் சேதக் காப்பீட்டுக்கான விண்ணப்பத்தைப் பாருங்கள். சி.என்.ஜி. கிட் பொருத்தியிருக்கிறதா? கூடுதல் மியூசிக் சிஸ்டம் உண்டா, அதன் மதிப்பு என்ன? அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி இருக்கிறதா? ஆட்டோமொபைல் சங்கத்தில் உறுப்பினரா? வண்டி திருடு போகக்கூடுமா என்ற கவலை அதில் விரிவாக இருக்கிறது. எந்த ரோட்டில், எந்த நேரத்தில், எத்தனை பேர் நடக்கும் இடத்தில் அது ஓடப்போகிறது என்ற கேள்விக்கு அதில் கட்டம் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு அந்த மாருதி 800 என்னை மறிக்கிறது. சிறுவனைக் கொன்றது வேகமான கார் அல்ல. நாட்டிலேயே எளிய, திறன் குறைந்த கார்களில் ஒன்று, அதுவும் ரிவர்ஸில். குதிரைச் சக்திக்கு ஏற்பப் பிரீமியம் போட்டால் அந்தக் கார் மிகக் குறைவாகத்தான் கட்டியிருக்கும். உண்மையில் அது ஒன்றுமே கட்டியிருக்கவில்லை. ஆபத்தைத் திறனில் மட்டும் தேடுகிறவர் இந்த மரணத்தைக் காணமாட்டார். எனவே திறனை அளவுகோலாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. விற்பதிலும் வாங்குவதிலும் ரோட்டில் போகிற அந்த ஒரே ஆள் விடுபட்டுப்போகிறார் என்பதுதான் என் வாதம். விற்கும்போது, அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய பெயர் காலியாக விடப்படுகிறது. வாங்கும்போது, அவருக்கு நேரக்கூடிய தீங்கு எவ்வளவு என்ற கணக்கு முப்பது நாற்பது வருடப் பழைய அளவுகோலில் விடப்படுகிறது. முதலாவது தவறில் சிறிய காரும் கொல்லும். இரண்டாவதில் பெரிய திறன் தன் பங்கைக் கட்டாமல் போகும். இரண்டும் ஒரே மறதியின் இரண்டு பக்கம்.

பிரீமியத்தை ஏற்றினால் இப்போது கட்டுகிறவர்களும் கட்டாமல் போவார்கள் என்ற பயம் உண்மையானது. ஓடுகிற வண்டிகளில் மிகப் பெரும் பகுதி, குறிப்பாக இருசக்கர வண்டிகள், இன்றும் காப்பீடு இல்லாமல்தான் ஓடுகின்றன. முதல்முறை பிடிபட்டால் அபராதம் 2,000 ரூபாய். பல கார்களுக்கு அது பிரீமியத்தைவிடக் குறைவு. தேர்டு பார்ட்டியை எல்லோரும் கட்டக்கூடிய விலையில் வைத்திருப்பது சரியான கொள்கை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் இழுவைக்காகவே லட்சங்கள் கூடுதலாகக் கொடுத்து வாங்கப்படும் காருக்கு ஆண்டுக்கு நாலாயிரம் ரூபாய் கூடுதல் பிரீமியம் அவரைக் காப்பீடு இல்லாமல் ஓட்டத் தூண்டும் என்று சொல்வது நம்பும்படியாக இல்லை. அவர் பேட்டரி காராக வாங்கியிருந்தால் அதைக் கேள்வி கேட்காமல் கட்டியிருப்பார். காசு அதிகம் கட்டியவர் வேகத்துக்கு உரிமை வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வார் என்று ஒரு சந்தேகம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அபாயத்தை விலையாக மாற்றும் எந்த ஏற்பாட்டிலும் அந்த ஆபத்து உண்டு. அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. விலை இல்லாதபோதும் அவர் அதே உரிமையை எடுத்துக்கொள்கிறார் என்பதும், விலை இருந்தால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் மேசையிலேயே ஒருமுறையாவது அந்தக் கேள்வி அவர்முன் வரும் என்பதும்தான் நான் சொல்லக்கூடியது.

கோயம்புத்தூரில் கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காக ஒரு பொதுநல மனுப் போட்டார். அந்த வழக்கில்தான் 2018 ஜூலையில் ஓர் உத்தரவு வந்தது: அந்த ஆண்டு செப்டம்பர் முதல், புதிய கார் வாங்கும்போதே மூன்று வருடத்துக்கும், புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடத்துக்கும் தேர்டு பார்ட்டி காப்பீட்டைச் சேர்த்தே எடுத்தாக வேண்டும். அடிபட்டு வருகிறவர்களின் எலும்பைச் சேர்த்துவைக்கும் ஒருவர் போட்ட வழக்கிலிருந்து இந்த விதி பிறந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ரோட்டில் போகிறவர் கடைசியில் வந்து சேரும் இடம் அவர் வேலை செய்யும் இடம். இந்த விதியால் புதுக்கார் மூன்று வருடத்துக்குள் எத்தனை கை மாறினாலும் எதிர்த்தரப்புக்கான பாதுகாப்பு அதோடு நகர்கிறது. நாலாம் வருடத்திலிருந்து மறுபடியும் எல்லாம் பெயர் மாற்றத்தையும் ரினியூவலையும் நம்பியிருக்கிறது. பழைய கார் சந்தை பெரும்பாலும் அந்த நாலாம் வருடத்துக்குப் பிந்திய கார்களால் ஆனது. ஆகவே இப்போதைக்கு மிஞ்சுவது விற்பவரின் கை. ஃபார்ம் 29இல் வாங்குபவரின் பெயரும் முகவரியும் எழுதப்பட்ட பிறகே கையெழுத்துப் போடுவது. பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தானே தெரிவிப்பது. அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்.சி. உண்மையிலேயே மாறிவிட்டதா, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பார்ப்பது. அதுவரை புரோக்கரிடம் பேசிய தொகையில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொள்ளாமல் நிறுத்திவைப்பது. புரோக்கர் முகம் சுளிப்பார், விலையில் ஐயாயிரமோ பத்தாயிரமோ குறைத்துக் கேட்பார். குறைத்தே கொடுத்துவிடலாம்.